ஓராண்டு வேலை, நாளைக்கு ஒரு பக்கம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். முதல் மாதம் வீட்டில் யாருக்கும் நேரத்துக்குத் தூக்கம் இருக்காது. பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுவார்கள். அப்பா பழைய பாடல்களாகத் தேடிச் சேர்ப்பார். இரண்டாவது மாதம் சினிமா. மூன்றாவது மாதம் தூசி படியக் கூடாது என்று துணியில் உறை தைத்துப் போட்டு மூடிவிடுவோம். பல ஆயிரம் கொடுத்து வாங்கிய பொருள், மின்கட்டணம் கட்டவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் மட்டும் திறக்கப்படும்.

"இதை வைத்துக்கொண்டு உருப்படியாக என்னதான் செய்வது?" என்பது புதியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. புது சாப்ட்வேர் ஒன்றின் பெயரைச் சொல்வது இதற்குப் பதிலாகாது. உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஓராண்டு முழுவதும் விடாமல் செய்து பாருங்கள். படம் எடுப்பது, எழுதுவது, பாட்டியின் கதைகளைப் பதிவு செய்வது, பழைய புத்தகத்தை டைப் செய்வது என எதுவாகவும் இருக்கலாம். ஆண்டு முடிவில் கம்ப்யூட்டரும் கைவந்திருக்கும். கையில் ஒரு பொருளும் இருக்கும்.

"சொல்வது எளிது சார்" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு சான்று இருக்கிறது.

மதுரை என்ற பெயரில் ஒரு வேலை

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் "மதுரைத் திட்டம்" தொடங்கப்பட்டது. மதுரை தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் என்பது இதன் முழுப் பெயர். தமிழ் நூல்களை டைப் செய்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைப்பதுதான் நோக்கம். பெயர்தான் மதுரை. தலைமை தாங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். அவர் தமிழ்ப் பேராசிரியர் அல்ல, வேதியியல் ஆய்வாளர். துணைத் தலைவராக இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவில் இருந்தார். சங்கம் வளர்த்த ஊர் என்பதால் நம் ஊரின் பெயர் வைக்கப்பட்டது.

யாருக்கும் சம்பளம் கிடையாது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலையோ நூலின் ஒரு பகுதியையோ எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் டைப் செய்தார்கள். ஒருவர் டைப் செய்ததை இன்னொருவர் மெய்ப்பு பார்த்தார். திருக்குறளில் தொடங்கிய தொகுப்பு இன்று நூற்றுக்கணக்கான நூல்களாக வளர்ந்திருக்கிறது.

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்களில் யாராவது "தமிழ் இலக்கியம் முழுவதையும் நானே டைப் செய்கிறேன்" என்று உட்கார்ந்திருந்தால் ஒரு வாரத்தில் எழுந்து போயிருப்பார். இன்றைக்கு இத்தனை பாடல் என்று உட்கார்ந்ததால்தான் நடந்தது. வேலை எத்தனை பெரிதாக இருந்தாலும், ஒருமுறை உட்கார்ந்தால் முடிக்கக்கூடிய அளவைத்தான் உங்கள் "ஒரு துண்டு" என்று வைத்துக்கொள்ள வேண்டும். என் கணக்கில் அது அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

தினமும் செய்வதா, வாரம் ஒருமுறையா?

இரண்டுக்கும் முன்னோடிகள் உண்டு. நியூயார்க்கில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டன் என்ற புகைப்படக்காரர் 1979 மார்ச் 31 முதல் தினமும் ஒரே ஒரு போலராய்ட் படம் எடுத்தார். ஒரு நாளைக்கு ஒன்றுதான். அது சரியாக வராவிட்டாலும் மறுபடி எடுக்கக் கூடாது என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. 1997 அக்டோபர் 25ல், தன் 41ஆவது பிறந்த நாளில் புற்றுநோயால் இறக்கும்வரை இது தொடர்ந்தது. 6000க்கும் மேற்பட்ட படங்கள். சாப்பாட்டு மேசை, நண்பர்கள், மழை பெய்யும் தெரு என்று பெரும்பாலும் சாதாரணப் படங்கள்தாம். வரிசையாகப் பார்க்கும்போதுதான் அது ஒரு மனிதரின் முழு வாழ்க்கை என்று தெரிகிறது.

நம்மவர்களில் எழுத்தாளர் ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று மகாபாரதத்தை "வெண்முரசு" என்ற பெயரில் நாவல் வரிசையாக எழுதி, நாளுக்கொரு அத்தியாயமாக இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். 2020 ஜூலையில் 26 நாவல்களுடன் முடித்தார். இது நம்மைப் போன்றவர்கள் பார்த்து வியக்க வேண்டியது. பார்த்துச் செய்ய வேண்டியது அல்ல!

புதியவர்களுக்கு ஏற்றது வாரக் கணக்குதான் என்பது என் கருத்து. அமெரிக்காவின் ஜொனாதன் கோல்டன், சாப்ட்வேர் எழுதும் வேலையை விட்டுவிட்டு, 2005 செப்டம்பரிலிருந்து 2006 செப்டம்பர் வரை வாரம் ஒரு பாட்டு என்று வீட்டிலேயே பதிவு செய்து வெளியிட்டார். புரோகிராம் எழுதும் ஒருவனைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற "கோட் மங்கி" பாட்டு அப்படி ஒரு வாரத்தில் பிறந்ததுதான். எல்லா வாரமும் அவர் புதுப்பாட்டு எழுதிவிடவில்லை. சில வாரங்களில் பிறருடைய பாட்டைத் தன் பாணியில் பாடி வைத்தார். வாரம் காலியாகப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

வயதான வாசகர்களுக்கு ஒரு செய்தி. உ.வே. சாமிநாதையர் தம் "என் சரித்திரம்" நூலை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கியது 1940 ஜனவரியில். அப்போது அவருக்கு 84 வயது. 122 அத்தியாயங்கள் வந்தன. 1942ல் அவர் மறைந்ததால் நூல் முடியாமல் நின்றது. ஆனாலும் அந்த 122 அத்தியாயங்கள் இல்லையென்றால் ஏடு தேடி அலைந்த காலத்தின் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

எதை எடுத்துக்கொள்வது?

மதுரைக்காரர்களுக்குப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. எனக்குத் தோன்றும் சிலவற்றைச் சொல்கிறேன்.

வைகையின் மேல் இருக்கும் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889ல் திறக்கப்பட்டது. அதன் நடைபாதையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு விளக்குக் கம்பத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஞாயிறும் காலை 7 மணிக்கு அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில், அதே திசையில் மொபைல் போனால் ஒரு படம் எடுங்கள். ஆண்டு முடிவில் 52 படங்கள். மணலும் புல்லும் சாக்கடை நீரும் தெரியும் வாரங்கள்தான் அதிகம் இருக்கும். சித்திரையில் அழகர் இறங்கும் நேரத்துக்கு வைகை அணையிலிருந்து நீர் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு வேறு முகம் காட்டும். ஆற்றுக்கு என்ன ஆயிற்று என்று நாம் டீக்கடையில் பேசுவதை எல்லாம் அந்த 52 படங்கள் பேச்சில்லாமல் காட்டிவிடும். பாலத்தில் நிற்கும்போது வாகனங்களைப் பார்த்து நில்லுங்கள். படத்தைவிட உயிர் முக்கியம்.

மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்குச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களை ஒட்டிய பெயர்கள். கோயிலில் பன்னிரண்டு மாதமும் விழா உண்டு. மாதம் ஒரு விழா, விழாவுக்கு மூன்று படம், ஒரு பக்கக் குறிப்பு என்றால் 12 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் ஆகிவிடும்.

படம் எடுக்க விருப்பமில்லை, கணக்குதான் பிடிக்கும் என்பவர்கள் மல்லிகையை எடுத்துக்கொள்ளலாம். மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் விலை நாளிதழ்களில் வரும். எக்செல் போன்ற ஒரு விரிதாளில் முதல் வரிசையில் தேதி, அடுத்ததில் கிலோ விலை, மூன்றாவதில் "முகூர்த்தம்", "பனி", "மழை" என்று ஒரு சொல். ஒரு நிமிட வேலை. ஆண்டு முடிவில் தேதி, விலை இரண்டையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட்டைக் கிளிக் செய்திடுங்கள். மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்து விலை மலைபோல் ஏறுவதையும், பூ குவியும் மாதங்களில் தரையில் படுப்பதையும் ஒரே கோட்டில் பார்க்கலாம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பூ பயிரிடும் குடும்பத்தினர் இந்தப் படத்தைப் பார்த்தால் உங்களைவிட அதிகம் பேசுவார்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். வாரம் பத்து நிமிடம். போனில் உள்ள ரெக்கார்டரே போதும். "உங்க காலத்துல எப்படி இருந்துச்சு அப்பத்தா?" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது. "கல்யாணத்துக்கு எந்தக் கடையில சேலை எடுத்தீங்க?", "கண்மாய் நிறைஞ்சா முதல்ல யாருக்குத் தண்ணி விடுவாங்க?" என்று கேளுங்கள். கொட்டும். இந்த ஒன்றை மட்டும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திப் போடாதீர்கள்.

வேறு எதுவும் தோன்றவில்லையா? தமிழ் விக்கிமூலத்தில் ஒரு கணக்குத் தொடங்குங்கள், இலவசம்தான். அங்கே நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல, ஸ்கேன் செய்த பக்கங்களாகக் கிடக்கின்றன. ஒரு பக்கம் அச்சுப் புத்தகத்தின் படம், மறு பக்கம் கம்ப்யூட்டர் படித்துக் கொடுத்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதுதான் வேலை. திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. தினம் ஒரு பக்கத்தை மஞ்சளாக்கினால் ஆண்டுக்கு 365 பக்கம். ஏறத்தாழ இரண்டு நடுத்தரப் புத்தகங்கள் உங்கள் கையால் கரையேறியிருக்கும்.

எழுத்து பத்திரமாக இருக்க

பலர் ஏமாந்த இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தமிழில் டைப் செய்தவர்கள் ஆளுக்கொரு பான்ட் பயன்படுத்தினார்கள். அந்த பான்ட்களில் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஆங்கிலம்தான். பார்வைக்கு மட்டும் தமிழ். பான்ட் போனால் தமிழும் போயிற்று. அந்நாளில் குடும்ப வரலாறு, கவிதை, கோயில் தலபுராணம் என்று அடித்து வைத்த பைல்களை இன்று திறந்தால் புரியாத ஆங்கிலக் குப்பையாகத் தெரிவது இதனால்தான். மாற்றிக் கொடுக்கும் புரோகிராம்கள் உண்டு. ஆனால் எந்த பான்ட் என்று நினைவிருக்க வேண்டும்.

மதுரைத் திட்டமும் இந்தச் சிக்கலில் மாட்டியதுதான். திஸ்கி என்ற குறியீட்டில் வெளியிட்டு வந்த நூல்களை 2004 முதல் யூனிகோடிலும் வெளியிட்டது. யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுதும் ஒரே எண். "க" என்றால் 2965. எந்த பான்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது "க"தான்.

எனவே, உங்கள் ஓராண்டு வேலை யூனிகோடில் இருக்கட்டும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் சென்று, தமிழைச் சேர்த்திடுங்கள். கீபோர்டு பட்டியலில் தமிழ் 99 கிடைக்கும். 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். முதல் வாரம் விரல் தடுமாறும். தினம் ஒரு பக்கம் அடித்தால் ஒரு மாதத்தில் கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பீர்கள். நோட்பேடில் சேவ் செய்யும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎப்-8 இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுட்பம். "ஒளவை" என்று ஒ, ள இரண்டையும் தனித்தனியே அடித்தாலும் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். "ஔ" என்ற ஓரெழுத்தை அடிக்கவில்லை என்பதால் தேடும்போது கிடைக்காது. அதேபோல் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் "ர" வந்துவிடும். ஸ்கேன் செய்து எழுத்தாக்கிய பக்கங்களில் இந்தப் பிழை ஏராளம்.

இடம் போதுமா?

தாராளமாகப் போதும். போன் படம் ஒன்று சுமார் 4 எம்பி என்றால் நாளைக்கொன்றாக 365 படத்துக்கு 1460 எம்பி, ஒன்றரை ஜிபிதான். பேச்சுப் பதிவு எம்பி3 வடிவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. வாரம் பத்து நிமிடம் வீதம் 52 வாரத்துக்கு 520 எம்பி. எழுத்தின் கணக்குதான் வேடிக்கை. யூடிஎப்-8ல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். "கி" போன்றவற்றில் க ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு குறிகள், ஆக 6 பைட். ஒரு பக்கத்துக்கு 1500 குறி என்று வைத்தால் 4500 பைட். 365 பக்கமும் சேர்ந்து 2 எம்பியைத் தொடாது. ஓராண்டு முழுவதும் நீங்கள் எழுதியது உங்கள் போனில் எடுத்த ஒரே ஒரு படத்தைவிடச் சிறியது!

பைல்களுக்குப் பெயர் வைப்பதில் இப்போதே ஒழுங்கு வேண்டும். "வைகை புதுசு", "வைகை புதுசு 2", "வைகை கடைசி" என்று வைத்தால் மூன்றாம் மாதம் நீங்களே தொலைந்துபோவீர்கள். ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் 2026-03-08-வைகை என்று வையுங்கள். நாம் எழுதும் வழக்கப்படி தேதியை முதலில் போட்டால், கம்ப்யூட்டர் எல்லா மாதத்தின் 1ஆம் தேதியையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். ஆண்டு முதலில் வந்தால் தானாகவே நாள் வரிசையில் நிற்கும். ஒன்பது வரையுள்ள எண்களுக்கு முன் பூஜ்யம் போட மறக்க வேண்டாம்.

அடுத்தது நகல். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் போகும். எப்போது என்பதுதான் தெரியாது. மொத்தம் மூன்று நகல், அவற்றில் ஒன்று வேறு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில் என்பது பழகிய விதி. கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. கூகுள் 15 ஜிபி வரை இலவசமாகத் தருகிறது. மெயிலும் படங்களும் சேர்ந்துதான் அந்த அளவு. ஒன்று கவனியுங்கள்: கம்ப்யூட்டருடன் தானாக இணைந்து ஒத்திசைக்கும் போல்டரில் ஒரு பைலை இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அதனால் பென் டிரைவ் நகல் கட்டாயம். நகல் எடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் வைரஸ் வந்தால் அதுவும் சேர்ந்து போகும். மாதத்தின் முதல் ஞாயிறு நகல் நாள் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளலாம்.

இடையில் நின்றுபோனால்?

நிற்கும். மின்தடை, காய்ச்சல், பரீட்சை, வீட்டில் விசேஷம் என்று ஏதாவது வரும். நான் ஒருமுறை தினம் ஒரு படம் என்று தொடங்கி, மூன்றாம் வாரம் காய்ச்சலில் ஒன்பது நாள் விட்டேன். எழுந்ததும் ஒன்பது படத்தையும் ஒரே நாளில் எடுத்துக் கணக்கைச் சரி செய்யப் பார்த்தேன். நாலாவது படத்திலேயே அலுத்துவிட்டது, அதோடு விட்டதுதான். காய்ச்சல் என் வேலையை நிறுத்தவில்லை, பாக்கியை அடைக்கப் போனதுதான் நிறுத்தியது. விட்டதை விட்டதாகவே வைத்துவிட்டு, அன்றைய தேதியிலிருந்து தொடருங்கள். வெற்றிடமும் ஒரு பதிவுதான். பின்னால் பார்க்கும்போது "இது அந்தக் காய்ச்சல் வாரம்" என்று தெரியும்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், தை முதல் நாள் மதுரைத் திட்டத்துக்கு ராசியாக இருந்தது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆடியில் தொடங்கினாலும் 52 வாரம் 52 வாரம்தான்.

தொடங்கும் அன்றே போல்டருக்குள் "விவரம்" என்ற பெயரில் ஒரு நோட்பேட் பைல் போட்டுவிடுங்கள். மதுரைத் திட்டத்தின் நூல்களில் டைப் செய்தவர் யார், மெய்ப்பு பார்த்தவர் யார் என்று முகப்பிலேயே குறித்திருப்பார்கள். நீங்களும் எடுத்தவர் பெயர், எந்த இடம், எந்தப் போன், படத்திலோ பதிவிலோ இருப்பவர் என்ன முறை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு வரி சேர்த்து வாருங்கள். இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். பத்து வருடம் கழித்து அந்த போல்டரைத் திறக்கப்போகும் உங்கள் மகளுக்கு, வாசலில் நிற்கும் வெள்ளைச் சட்டைக்காரர் பெரியப்பாவா சித்தப்பாவா என்று தெரியாது.